அரிசி வாங்க வந்த ஆயாவின் விரலில் ரேகை இல்லை

போன வாரம் எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ரேஷன் கடை வாசலில் ஒரு கார். பின்கதவு திறந்திருக்கிறது, உள்ளே அரிசிப் பை தெரிகிறது. "இவர்களுக்கெல்லாம் எதற்கு இலவச அரிசி? எல்லாம் நம் வரிப்பணம்" என்று கீழே எழுதியிருந்தார் ஒருவர். பத்து நிமிடத்துக்குள் குழுவில் பாதிப் பேர் ஆமாம் போட்டுவிட்டார்கள். தகுதியுள்ளவர்களைக் கணக்கெடுத்து அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும், மற்ற அட்டைகளை ரத்து செய்துவிடலாம் என்று பேச்சு நீண்டது. எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்தான். நாலு வரியில் பதில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு அதே கடை வரிசையில் நான் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஆயா. கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையில் பெண்கள் காலம் காலமாக இருக்கிறார்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலை வேகவைத்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்து, உரிந்து, வழவழவென்று ஆகிவிடும். இந்த ஆயா நாற்பது வருடம் உடைத்தவர். கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தார், பதியவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தார், பதியவில்லை. விற்பனையாளர் ஈரத் துணியைக் கொடுத்து, "துடைத்துவிட்டு வையுங்கள் ஆயா" என்றார். பத்து விரலும் ஆயிற்று. கருவிழிக் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்கள். புரை அறுவை செய்த கண். அதுவும் ஏற்கவில்லை. கடைசியாக ஓடிபி அனுப்பினார்கள். அது போகிற போன் எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற மகனுடையது. ஷிப்டில் இருந்த மகன் போனை எடுக்கவில்லை.

"நாளைக்கு வாருங்கள் ஆயா."

"எத்தனை மணிக்கு வரட்டும் தம்பி?"

சண்டையில்லை, சாபமில்லை. வெறும் பையை நாலாக மடித்து இடுக்கிக்கொண்டு போனார். அவர் நேரம் கேட்ட விதம்தான் என்னை இன்னும் தூங்கவிடவில்லை. தனக்குச் சேர வேண்டிய அரிசிக்கு இன்னொருவர் வசதியான நேரம் சொல்ல வேண்டும் என்பதை அவர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்.

விற்பனையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். விரல் பதியாவிட்டாலும் வேறு வழியில் பொருளைக் கொடுக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் இருக்கிறது. ஆனால் அப்படிக் கொடுத்த பிறகு தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இப்போது மின்னணுத் தராசையும் பில் இயந்திரத்தோடு இணைத்திருக்கிறார்கள். எடை சரியாக இருந்தால்தான் பில் வரும். வாங்குகிறவருக்கு இது நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் கிடங்கிலிருந்து வருகிற மூட்டையிலேயே எடை குறைகிறது என்று கடைக்காரர்கள் புலம்புகிறார்கள். அந்த எடையை அங்கே யார் பார்ப்பது? கண்காணிப்பெல்லாம் கடையின் ஜன்னலில் வந்து குவிகிறது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன்.

என் தங்கையின் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். 2019இல் கடன் வாங்கி ஒரு கார் எடுத்தார். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, விமான நிலையச் சவாரி இல்லை. கார் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. மே மாதம் தங்கை போன் செய்து, வேறென்னவோ பேசிவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "ரேஷன் அரிசியைத்தான் அண்ணா வடிக்கிறேன், வாடையெல்லாம் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது." வாசலில் கார் நின்ற வீட்டில் உலைக்கு அரிசி தந்தது அந்தக் கடைதான். அவர்கள் யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை, வருமானச் சான்றிதழுக்கு அலையவில்லை, தாங்கள் ஏழை என்று எவரிடமும் நிரூபிக்கவில்லை. அட்டை இருந்தது. அரிசி வந்தது.

ஏழைகளின் பட்டியல் என்று ஒன்றைத் தயாரிக்கும்போது, போன வருடமோ பத்து வருடத்துக்கு முன்போ யார் ஏழையாக இருந்தார் என்பதுதான் அதில் ஏறும். அடுத்த மாதம் வேலை போகிறவர், அடுத்த வாரம் கணவனை இழக்கிறவர், நாளை விபத்தில் படுக்கிறவர் அதில் இருக்க மாட்டார்கள். தேசிய அளவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமப்புறத்தில் 75 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு வரை மக்களுக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம் உறுதி செய்தது. நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஆனால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நிர்ணயிக்கப்பட்டது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கும் பசிக்கும்.

அந்தச் சட்டக் கணக்கில் தமிழ்நாட்டில் இடம்பெற்றவர்கள் சுமார் 3 கோடியே 64 லட்சம் பேர், அதாவது 2011 மக்கள்தொகையில் பாதி. மீதிப் பாதிக்கான அரிசியின் செலவை மாநில அரசு ஏற்கிறது. இதற்குப் பின்னால் ஒரு பழைய பிடிவாதம் இருக்கிறது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று மக்களைப் பிரித்து, கீழே உள்ளவர்களுக்கே மலிவு விலைத் தானியம் என்று மாற்றியபோது, பல மாநிலங்கள் அந்த வழியில் போயின. தமிழ்நாடு போகவில்லை. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று விலைதான் குறைந்துகொண்டே வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கட்சி வந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் பின்வாங்கவில்லை. எனக்கு எல்லாக் கட்சிகள் மீதும் கோபம் உண்டு, ஆனால் இதற்காக எல்லோருக்கும் நன்றி சொல்வேன். "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று சொல்லி ஓட்டுக் கேட்டு, 1967இல் ஓர் ஆட்சியே மாறிய நாடு இது. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களின் அரிசித் தட்டுப்பாட்டை என் பாட்டி கடைசிவரை மறக்கவில்லை. கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் கஞ்சியாகக் காய்ச்சியதைச் சொல்லுவார். அரிசி என்ற சொல்லை அவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

2017இல் ஒரு பயம் வந்தது, சிலருக்கு நினைவிருக்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் தமிழ்நாடு அரசிதழில் வெளியானபோது, நான்கு சக்கர வாகனம், குளிர்சாதன வசதி, மூன்று அறைக் கான்கிரீட் வீடு, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வருமானம் என்று, முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்க ஒரு நீண்ட வரிசை இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. எல்லோருக்குமான விநியோகம் தொடரும் என்று அரசு விளக்கம் சொன்னது. ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றால் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். அதற்கு மேல் சம்பாதிக்கிறவர்கள் பசி தாண்டிப் போய்விட்டார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

பட்டியலைச் சுருக்கினால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை ரத்தாகி, மாதக்கணக்கில் வீட்டுக்கு ரேஷன் வரவில்லை என்றும், சோறு கேட்டுக்கொண்டே அவள் உயிர் போனது என்றும் தாய் சொன்னார். மலேரியாவில்தான் இறந்தாள் என்றது நிர்வாகம். நான் தாயின் பக்கம் நிற்கிறேன். தேவையில்லாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அரசுக்குச் சில கிலோ அரிசி நஷ்டம். தேவைப்படுகிற ஒருவரை விட்டுவிட்டால் நஷ்டம் என்ன என்பதை அந்த வீட்டில் போய்த்தான் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

ரேஷன் அரிசியை மாட்டுக்கு வைக்கிறார்கள், விற்கிறார்கள் என்று குழுவில் சொன்னார்கள். உண்மை. எங்கள் தெருவுக்கே இரண்டு சக்கர வண்டியில் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போகிறார். ஆனால் நான் கவனித்தவரை, அரிசி நன்றாக வருகிற மாதத்தில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. கல்லும் பழுப்பும் வாடையுமாக வருகிற மாதத்தில்தான் அவர் மூட்டை நிரம்புகிறது. லாரி லாரியாக எல்லை தாண்டுகிற அரிசி வேறு கதை. அதற்குக் குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனிப் போலீஸ் பிரிவே இருக்கிறது. அந்த லாரியைப் பிடிக்க ஆயாவின் விரலைத் தேய்க்க வேண்டியதில்லை.

தரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடை வரிசையில் ஆசிரியர் வீட்டம்மாவும் நிற்கிறார், காவலர் மனைவியும் நிற்கிறார். ஒரு முறை புழு வைத்த அரிசி வந்தபோது அந்த ஆசிரியரின் மனைவிதான் ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மேசைமேல் கொட்டினார். மூன்றாம் நாள் மூட்டைகள் மாறின. முந்திரி உடைக்கிற ஆயாக்கள் மட்டும் நிற்கிற வரிசையாக இருந்திருந்தால் அந்தப் புழுவை அவர்கள் களைந்து, வெயிலில் காயவைத்து, வடித்துச் சாப்பிட்டிருப்பார்கள். வசதியானவர்களை வரிசையிலிருந்து வெளியேற்றச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அரிசிக்குப் பதில் பணமாகக் கொடுத்துவிடலாமே என்ற யோசனைக்கும் எங்களுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. புதுச்சேரியில் 2015இல் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை தொடங்கியது. பாகூர் பக்கம் இருக்கிற என் அத்தை வீட்டில் பணம் வந்த குறுஞ்செய்தி மாமாவின் போனுக்குத்தான் போகும். கடையில் அரிசி விலை ஏறும், வங்கியில் விழுகிற தொகை ஏறாது. பல வருடம் ரேஷன் கடைகள் மூடிக்கிடந்து, மக்கள் கேட்டுக் கேட்டு, 2024இல்தான் மறுபடி திறந்தார்கள். அன்று அத்தை அரிசியை முறத்தில் கொட்டிப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

குறைகள் இல்லையா என்றால், நிறைய இருக்கின்றன. வெறும் அரிசி வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. இத்தனை அரிசி கொடுத்தும் இந்த நிலை என்றால், கூட என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் மாவட்டத்துக்கு எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். இரும்புச்சத்துச் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி வந்தபோது, களையும்போது தனியாக மிதந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிந்தார்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். அது என்ன என்று கடையில் ஒரு வாக்கியம் எழுதி ஒட்டியிருக்கலாம். சத்துக்காகச் சேர்த்தது அத்தனையும் சாக்கடையில் போயிற்று.

அதே போல ஒரு வாக்கியத்தைத்தான் இப்போதும் கேட்கிறேன். கைரேகை பதியாவிட்டால் பொருள் மறுக்கப்படாது, இந்தப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு ரேஷன் கடையிலும் இருப்புப் பலகைக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். அப்படிக் கொடுத்த விற்பனையாளரைத் தணிக்கையில் வதைக்கக் கூடாது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. மனதார வரவேற்கிறேன். எங்கள் ஆயாவுக்கு 66 வயது. அந்த 70 வயது வரம்பில் அவர் வரவில்லை, விரலை நீட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

மறுநாள் அவர் பதினொரு மணிக்கு வந்தார். நானும் போயிருந்தேன். மகன் போனில் காத்திருந்து எண்ணைச் சொன்னான், பில் வந்தது. அரிசியைப் பையில் கொட்டும்போது சிந்திய நாலு மணியைக் குனிந்து பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீடுவரை நடந்தேன். பாதி வழியில் நின்று, "பருப்பு இருபதாம் தேதிக்கு மேலேதான் வருமாம். அன்றைக்கும் அவன் போனை எடுப்பானா தம்பி?" என்று கேட்டார்.