எரியப்போகிற பூமிக்கு எதற்குப் பசளை வாளி?

போன புதன்கிழமை வேதப்படிப்பு முடிந்ததும் வழக்கம்போல ரோல்ஸும் பிளேன்ரீயும் வந்தன. பிளேன்ரீ, ஒருதரம் குடித்துவிட்டு எறிகிற கப்பில். நான் பைக்குள்ளிருந்து என் குவளையை எடுத்ததைப் பார்த்து ஒரு அங்கிள் சிரித்தார். "தம்பி, இந்தப் பூமி எரிஞ்சுதானே போகப்போகுது? பேதுரு சொல்லிப்போட்டார். நீர் கப்பைக் கழுவி என்ன செய்யப்போறீர்?" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

வீட்டுக்கு வந்தும் அது மனதைவிட்டுப் போகவில்லை. 2 பேதுரு 3:10-ஐ எடுத்துப் பார்த்தேன். "பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்" என்றுதான் நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அங்கிளில் பிழையில்லை. ஆனால் கிரேக்க வேதாகமத்தின் 4ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் அந்த இடத்தில் இருப்பது வேறு சொல்: "கண்டுபிடிக்கப்படும்". ஆர்க்கிமிடீஸ் "யுரேக்கா" என்று கத்தினாராமே, அதே கிரேக்க வினை. மனிதர் செய்ததெல்லாம் ஒளிக்க இடமில்லாமல் வெளியே வந்து நிற்கும் என்று அறிஞர்கள் பலர் இதை வாசிக்கிறார்கள். அதே வசனத்தில் பூதங்கள் (உலகின் மூலப்பொருள்கள்) வெந்து உருகுவது அந்தப் பிரதிகளிலும் உண்டு, நெருப்பை நான் ஒளிக்கவில்லை. ஆனால் பூமியைப் பற்றிய சொல் அதுவல்ல.

வெளியே வந்து நிற்பதென்றால் என்னவென்று கொழும்புக்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். அந்த வருடம் பெரிய வெள்ளியும் அதே நாள்தான். சிலுவையின் ஏழு வார்த்தைகளைக் கேட்டுவிட்டு நாம் வீடு திரும்பிய பிற்பகலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது. 30 பேருக்கு மேல் செத்தார்கள். நாம் கட்டி எறிந்த சொப்பிங் பைகள் ஒன்றும் எங்கேயும் போயிருக்கவில்லை.

"பூமியை நிரப்பி, அதைக் கீழ்ப்படுத்தி" என்ற ஆதியாகமம் 1:28 பலருக்கு மனப்பாடம். அடுத்த அதிகாரத்துக்குப் போவோர் குறைவு. 2:15-இல் தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" மனிதன் வைக்கப்படுகிறான். பண்படுத்த என்பதற்கு எபிரேயத்தில் வருவது "அவத்". "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்று யோசுவா சொல்வதும் அதே வினையால்தான். வெள்ளவத்தையில் எத்தனை வாசல்களில் அந்த வசனம் தொங்குகிறது! (என் வீட்டிலும் உண்டு, பிளாஸ்டிக் பிரேமில்.) காக்க என்பது "ஷமர்". "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று ஆராதனை முடிவில் பாஸ்டர் கையை உயர்த்திச் சொல்கிறாரே, அதே காத்தல்.

இவ்வளவும் தெரிந்தும் பல வருடம் நான் சமையல் கழிவைப் பசளையாக்க ஒரு வாளிகூட வைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிரேக்கம் பேசிக்கொண்டே கடைச் சாப்பாட்டை லஞ்ச் ஷீட்டோடு எறிகிற கூட்டத்தில் நானும் ஒருவன். உலகச் சுற்றாடல் தினமான ஜூன் 5-ஐ ஒட்டி ஃபிளெக்ஸ் பதாகை கட்டி, மரக்கன்று நட்டு, படமெடுத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வசனத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் எனக்கு எரிச்சல்தான்.

கடைசியில் நாலாம் மாடி பல்கனியில் பசளை வாளி வைத்தேன். சோறும் மீன் கழிவும் மட்டும் போட்டதில் இரண்டே வாரத்தில் புழு, நாற்றம். கீழ்வீட்டு அன்ரி ஏறி வந்துவிட்டார். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போனில் ஏசினார்: "ஈரத்தை மட்டும் கொட்டினா அழுகாம என்ன செய்யும்? காய்ஞ்ச சருகைப் போடு." அவர் ஒரு வேத விளக்கவுரையும் வாசித்ததில்லை.

பிளாட்டில் சருகுக்கு எங்கே போவது? அலுமாரியில் பத்து வருடமாகச் சேர்த்த ஆராய்ச்சிக் கட்டுரைகளின் போட்டோப்பிரதிகள் இருந்தன. கிழித்துக் கிழித்துப் போட்டேன். வாளி இப்போது மணப்பதில்லை. பேதுரு பற்றிய கட்டுரையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், அங்கிளுக்குக் கொடுக்க.

வருகிற புதன்கிழமைக்கு ஒரு டசின் பீங்கான் கோப்பைகள் கொண்டுபோகிறேன். கழுவுகிற முறை முதலில் யாருடையதென்றும் அங்கிளிடம்தான் கேட்கவேண்டும்.