பழைய கம்ப்யூட்டர் கொடுப்பவர்களுக்கு: ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்காதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 6, 7-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர் போட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் பல அலுவலகங்களில் நல்ல நிலையில் உள்ள பெட்டிகள் மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்குப் போடுவதைவிட ஊர்ப்புற நூலகத்துக்கோ, மாலை நேரப் படிப்பகத்துக்கோ, பள்ளிக்கோ கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையவே இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கொடுக்கிற விதத்தில் பாதி பெட்டிகள் வீணாகின்றன.

முதல் தவறு, தகவல் வெளியே போய்விடும் என்ற பயத்தில் ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு கொடுப்பது. டிஸ்க் மட்டும் போனால் பரவாயில்லை, புதிதாக ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) வாங்கிப் போடலாம். கூடவே அதைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டும், மதர்போர்டிலிருந்து டிஸ்க்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் குட்டை ஒயரும் போய்விடும். சிறிய ஆப்டிபிளெக்ஸ் பெட்டிகளில் அந்த ஒயரின் முனை அந்தக் கம்பெனிக்கே உரிய அளவு. ஊர்க் கடையில் சட்டென்று கிடைக்காது. ஒரு சாண் ஒயர் இல்லாமல் முழுப் பெட்டியும் படுத்துவிடும்.

பயம் நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. குயிக் ஃபார்மட் போதாது. அது பட்டியலை மட்டும்தான் அழிக்கும், ஃபைல்கள் அப்படியே கிடக்கும். சுழலும் டிஸ்க் என்றால் என்வைப் (nwipe) போன்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கிலும் ஒருமுறை பூஜ்ஜியம் எழுதினால் போதும். 500 ஜிபிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்று தடவை, ஏழு தடவை என்பதெல்லாம் பழைய காலத்துச் சடங்கு. எஸ்எஸ்டிக்கு இந்த முறை பொருந்தாது. மேலெழுதும்போது எட்டாத மாற்று இடங்கள் அதற்குள்ளே உண்டு. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸிலேயே இருக்கும் செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். டெல்லில் அதற்கு டேட்டா வைப் என்று பெயர்.

அடுத்தது பூட்டு. பயாஸ் பாஸ்வேர்டை எடுக்காமலே கொடுத்துவிடுகிறார்கள். பழைய ஆப்டிபிளெக்ஸ் டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் உள்ள ஜம்பர் என்ற குட்டி இணைப்பைக் கழற்றிச் சமாளிக்கலாம், லேப்டாப்பில் அந்த வழி இல்லை. இதைவிடப் பெரிய தொல்லை, கம்பெனி தன் பெட்டிகளை மைக்ரோசாஃப்ட்டில் பதிந்து வைக்கும் ஆட்டோபைலட் பதிவு. கம்பெனி கணக்கிலிருந்து பெட்டியின் பெயரை நீக்காவிட்டால், விண்டோஸைப் புதிதாக ஏற்றி நெட்டில் இணைத்ததும் முதல் திரையிலேயே கம்பெனி மின்னஞ்சலைக் கேட்கும். உங்கள் ஐடி ஆளுக்குப் பத்து நிமிட வேலை. வாங்கியவருக்கு முடியவே முடியாத வேலை.

பத்துப் பெட்டி இருந்தால் பத்தையும் பத்து இடத்துக்குக் கொடுக்காதீர்கள். ஒரே மாடலாக எட்டு ஓடும் பெட்டி, உதிரிக்கு இரண்டு என்று ஒரே இடத்துக்குக் கொடுங்கள். இந்தப் பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையின் முனையும் வடிவமும் தனி. கடையில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஒன்று போனால் உதிரிப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் உள்ள பெட்டியோடு விஜிஏ மானிட்டரைக் கொடுப்பதாக இருந்தால் கன்வர்ட்டரையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய யுபிஎஸ்ஸை மட்டும் தலையில் கட்டாதீர்கள். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சாகும் சாமான், நீங்கள் கொடுக்கும்போதே செத்திருக்கும்.

பலரும் யோசிக்காத ஒன்று வைஃபை. அலுவலக டெஸ்க்டாப் லேன் ஒயரில் ஓடியது, பெரும்பாலும் வைஃபை கார்டே இருக்காது. போகிற இடத்திலோ ஆசிரியரின் போன் ஹாட்ஸ்பாட்தான் நெட். போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போட்டால், விண்டோஸுக்குப் பதில் ஏற்றும் இலவச லினக்ஸ் உடனே எடுத்துக்கொள்ளும். பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னல் கிடைக்காத குடியிருப்புகளுக்கு என்றால் நெட் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவையும், பாடநூல் பிடிஎஃப்களையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக் கொடுங்கள்.

லினக்ஸ் என்றதும் முகம் சுளிப்பவர்கள் எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டிப் பார்க்கலாம். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் அந்த அரசின் கைட் நிறுவனம் வழங்கும் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் இந்த ஐ5 பெட்டிகளில் லினக்ஸ் மின்ட் சுகமாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது, அமைப்பில் போய்ச் சேர்த்தால் போதும். தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு ஒன்றாவது வையுங்கள். கொடுக்கும் விழாவுக்கு அடிக்கிற ஃபிளெக்ஸ் காசில் எல்லாவற்றுக்குமே ஸ்டிக்கர் வந்துவிடும்.

கடற்கரை ஊர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக் காற்றில் ராம் முனைகள் மங்கிப் போகும். பெட்டி பீப் அடிக்கும், திரை வராது. போர்டு போய்விட்டது என்று மூலையில் வைத்துவிடுவார்கள். பவர் ஒயரை உருவிவிட்டு, ராமைக் கழற்றி, முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இன்னொன்று சிஆர்2032 காசு பேட்டரி. அது தீர்ந்தால் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடும், பாதுகாப்பு எச்சரிக்கை காட்டிப் பல இணையதளங்கள் திறக்காது. நெட் இல்லை என்று போன் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். கொடுக்கும் முன்பே எல்லாப் பெட்டிக்கும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, மாதம். அலுவலகங்கள் மார்ச் கணக்கு முடித்துத்தான் பழையதைக் கழிக்கும், பெட்டி ஏப்ரலில் போய்ச் சேரும். அதோடு பள்ளிக்கு விடுமுறை தொடங்கிவிடும். பூட்டிய அறையில் சும்மா கிடக்கும் பெட்டிக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஈரத்தோடு வந்துவிடும். மே மாதத்திலும் வாரம் அரை மணி நேரம் ஓட்டி வைக்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பள்ளி திறக்கும்வரை உங்கள் அலுவலக மூலையிலேயே கிடக்கட்டும்.