தாலுகா நிருபருக்கு முதலில் சம்பளம் கொடுங்கள்

நிருபர்கள் செய்திக்காகக் கவரில் பணம் வாங்குகிறார்கள் என்று திட்டுகிறோம். அந்த நிருபருக்குப் பத்திரிகை என்ன கொடுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை நிரப்பும் தாலுகா அளவிலான பகுதிநேர நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. பத்து செய்தி அனுப்பி, கடைசி நேரத்தில் விளம்பரம் விழுந்து நான்குதான் வந்தால், நான்குக்குத்தான் காசு. பெட்ரோலும் ரீசார்ஜும் கைக்காசு.

இதைச் சரிக்கட்ட, பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷன். தீபாவளி, பொங்கல் சிறப்பிதழ் வந்தால், இவ்வளவு விளம்பரம் பிடித்தாக வேண்டும் என்று டார்கெட். உள்ளூர் தனியார் பள்ளி தாளாளரிடமும் நகைக்கடை முதலாளியிடமும் ஒன்றியச் செயலாளரிடமும் அதே நிருபர்தான் ரசீது புத்தகத்தோடு போய் நிற்க வேண்டும். ஜூனில் அந்தப் பள்ளி கூடுதல் கட்டணம் கேட்கிறது என்று பெற்றோர் புகார் சொன்னால் அவர் எப்படி எழுதுவார்? எழுதினாலும் அடுத்த தீபாவளிக்கு அந்த வாசலை மிதிக்க முடியுமா? என்னைக் கேட்டால், கவரைவிடப் பெரிய கேடு இந்த டார்கெட்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955 உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் இருந்தது. அதன்கீழ் அமைந்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011 நவம்பர் 11-ல் அறிவிக்கையானது. நிறுவனத்தின் வருமானத்தை வைத்து, 1,000 கோடிக்கு மேல் முதல் வகுப்பு என்று தொடங்கி எட்டு வகுப்பாகப் பிரித்துச் சம்பளம் நிர்ணயித்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2014 பிப்ரவரி 7-ல் உச்ச நீதிமன்றம் பரிந்துரை செல்லும் என்றது. அதற்குள் பல இடங்களில், ஊழியர் விரும்பினால் பழைய சம்பளத்திலேயே தொடரலாம் என்ற, அந்தப் பரிந்துரையின் '20 ஜே' பிரிவைக் காட்டி, 'பழைய சம்பளமே போதும்' என்று கையெழுத்து வாங்கிவிட்டிருந்தார்கள். அப்படிக் கையெழுத்து வாங்கிக் குறைவாகக் கொடுப்பது செல்லாது, ஒப்பந்த ஊழியருக்கும் இந்தச் சம்பளம் உண்டு என்று 2017 ஜூன் 19-ல் அதே நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் பாக்கியை வசூலிக்க அவரவர்தான் தொழிலாளர் துறையில் மனுப் போட வேண்டும். வேலையில் இருந்துகொண்டே எத்தனை பேர் போடுவார்கள்?

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்த 1955 சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டன. டிவி, டிஜிட்டல் செய்தியாளர்களும் வரையறைக்குள் வந்திருக்கிறார்கள், நியமனக் கடிதம் கட்டாயம். இவை நல்ல மாற்றங்கள். ஆனால் ஊதியக் குழு என்ற ஏற்பாடே அதில் இல்லை. மஜீதியாதான் கடைசி.

வழக்குக்குப் போனால் நிர்வாகம் சொல்லும் முதல் வார்த்தை, "இவர் எங்கள் ஊழியரே இல்லை." அதனால் அடையாள அட்டை நகல், தேதியோடு அச்சில் வந்த செய்திகள், அலுவலகத்துக்கு அனுப்பிய மெயில், வேலை ஒதுக்கிய வாட்ஸ்அப் தகவல், வங்கியில் பணம் வந்த பதிவு, எதையும் அழிக்காதீர்கள். வரி பிடித்திருந்தால், உங்கள் பெயரில் பிடித்த வருமான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பழைய ஆண்டுகளுக்கு இறக்கிப் பாருங்கள். 192-ஆவது பிரிவு என்றிருந்தால் உங்களுக்கு வந்தது சம்பளம். 194ஜே என்றிருந்தால் தொழில்முறைக் கட்டணம், அதாவது நிர்வாகம் உங்களை வெளியாளாகவே கணக்கில் வைத்திருக்கிறது. பிஎஃப்பும் பிடிக்கவில்லை என்றால் நியமனக் கடிதத்தை இப்போதே எழுத்தில் கேளுங்கள். கேட்ட மெயிலையும் பத்திரமாக வையுங்கள்.