வைஃபை பெயரை மறைத்துவிட்டால் பாஸ்வேர்டு தேவையில்லையா?

"ரவுட்டரில் வைஃபை பெயரை மறைத்து வையுங்கள், பாஸ்வேர்டே வேண்டாம். மிஞ்சிப்போனால் பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் டேட்டா எடுத்துக்கொள்வார்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு.

பெயரை மறைத்தால் ரவுட்டர் அதை அறிவிப்பதை நிறுத்துகிறது, அவ்வளவுதான். உங்கள் போன் இணையும்போது அதே பெயர் காற்றில் வெளிப்படையாகவே போகிறது. இலவச மென்பொருள் வைத்திருப்பவர் அதைப் படித்துவிடலாம். இன்னொரு வேடிக்கை: மறைத்த பெயரைச் சேமித்த போன், போகிற இடமெல்லாம் அதைக் கூப்பிட்டுத் தேடும்.

டேட்டாதான் போகும் என்பவர்கள் 2008-ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண், நவி மும்பையில் ஒரு வீட்டைக் காட்டியது. போலீஸ் அங்கிருந்த கணினிகளை எடுத்துச் சென்றது. வீட்டில் இருந்தவர் நெடிய விசாரணைக்கு ஆளானார். கடைசியில் தெரிந்தது: திறந்து கிடந்த அவர் வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டர் அமைப்புக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு. பலர் இரண்டாவதை 'அட்மின்' என்றே விட்டுவிடுகிறார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளைக் கைப்பற்றும் கெட்ட மென்பொருள்) இப்படித் தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய அறுபத்துச் சொச்சம் பாஸ்வேர்டுகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கருவியை அணைத்துப் போட்டால் அந்தத் தீநிரல் அழியும். ஆனால் பழைய பாஸ்வேர்டே இருந்தால் சில நிமிடங்களில் திரும்பிவிடும்.

ரவுட்டர் அமைப்பில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறையைத் தேர்வு செய்து, இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பெயர் வெளியே தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.