80 சதவீதம் என்பது ஏமாற்று அல்ல
"கேம்பர் வேனின் (தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டி) புரொப்பேன் எரிவாயுத் தொட்டியை 80 சதவீதத்தில் நிறுத்துவது விற்பவரின் தந்திரம், முழுக்க நிரப்பச் சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. திரவப் புரொப்பேன் வெயிலில் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாக விரிவடையும் என்பதால், மேலே காலி இடம் இல்லாத தொட்டியில் அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து, எரிவாயு வெளியே பீறிடும். அமெரிக்காவில் வண்டியின் அடியில் நிரந்தரமாகப் பொருத்திய தொட்டிகளை நிரப்பும்போது, பக்கத்திலுள்ள சிறு திருகைத் தளர்த்தி வைப்பார்கள். அதிலிருந்து வெண்மூட்டமாகத் திரவம் சீறினால் 80 சதவீதம் எட்டிவிட்டது, உடனே நிறுத்த வேண்டும். வண்டிக்குள் இருந்தபடி தொட்டியின் அளவைக் காட்டும் விளக்குக் காட்டியைவிட (அது பெரும்பாலும் தோராயமே) இந்தத் திருகையே நான் நம்புவேன். நிரப்புவதற்கு முன் என்ஜினையும், அடுப்பு, ஹீட்டர், குளிர்பெட்டி ஆகியவற்றின் சுடரையும் அணைத்திருக்க வேண்டும்.