நான்குமே ஒன்றா?

புதுச்சேரிக்கு நான்கு பகுதிகள் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் விக்கி இணையதளத்துக்கு மட்டும் தெரியவில்லை.

நண்பர்களோடு சேர்ந்து நடத்தும் விக்கிக்காக, நேற்று இரவு முத்தியால்பேட்டை வீட்டில் உட்கார்ந்து அந்த நான்கையும் எழுதினேன். வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி (#) போட்டால் எண் தானாக விழும். திருத்தும்போது கண்ணுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று நடுநடுவே வெற்று வரி விட்டேன். சேமித்துப் பார்த்தால் புதுச்சேரி 1, காரைக்கால் 1, மாஹே 1, ஏனாம் 1! சமத்துவம் நல்லதுதான், அதற்காக இப்படியா?

வெற்று வரி வந்தால் பட்டியல் முடிந்ததாம். சரி, எடுத்துவிட்டேன். அப்புறம் காரைக்காலுக்குக் கீழே திருநள்ளாற்றைப் புள்ளி வைத்துச் சேர்க்க ஆசை. வெறும் நட்சத்திரக் குறி போட்டேன். மாஹே மறுபடியும் 1. முதலில் ஹாஷ், அதை ஒட்டியே நட்சத்திரம் என்று சேர்த்துப் போட வேண்டுமாம். இதை யார் கண்டார்கள்?

கடைசியில் கை தவறி ஏனாம் வரிக்கு முன்னால் ஒரே ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. அவ்வளவுதான், ஹாஷ் குறியோடு அப்படியே தனிக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏற்கனவே ஆந்திராவுக்கு நடுவே தனியாகக் கிடக்கிற ஊர், பாவம்.

மணி பன்னிரண்டரை. உள்ளே இருந்து அம்மா குரல்: “நாலு ஊர் பேர் எழுத இவ்வளவு நேரமாடா?”