வன்னிக் காற்று சுத்தமானது என்று யார் சொன்னது?

கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் ஏ-9 வீதியில் மாங்குளத்தைத் தாண்டும்போது வாகனக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இந்தக் காற்று ஒன்றே போதும்" என்று சொல்லாமல் போவதில்லை. அவர்கள் பெரும்பாலும் வருவது நல்லூர்த் திருவிழாக் காலத்தில். அப்போது சோளகம் வீசிக்கொண்டிருக்கும். எந்தப் புகையையும் ஓரிடத்தில் நிற்க விடாத காற்று அது. தை, மாசியில் வந்து, கிளிநொச்சியில் வயலோரக் குடியிருப்பு ஒன்றில் விடியற்காலையில் மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு இதே வசனத்தைச் சொல்லட்டும்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போர்க்காலத்தில் மூடப்பட்ட பிறகு இந்தப் பக்கத்தில் பெரிய புகைபோக்கி என்று எதுவுமில்லை. ஆகவே காற்றும் சுத்தம் என்பது நம்மவர்களின் கணக்கு. கண்டி மலைகளுக்கு நடுவே இருப்பதால் அங்கே புகை தேங்குகிறது, நமக்கோ வெட்டவெளி என்பார்கள். பகலைப் பொறுத்தவரை அது சரி. இரவில் நடப்பது வேறு. மாரி மழை ஓய்ந்து வானம் வெளித்த நாட்களில், மேகமில்லாத இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிட, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடுகிறது. குளத்துக்குக் கீழே உள்ள வயல்கள் தாழ்ந்த நிலம். குளிர்ந்த காற்று வந்து படுப்பது அங்கேதான். வெயில் ஏறி நிலம் சூடாகும் வரை, அதாவது காலை ஒன்பது, பத்து மணி வரை, கீழே எழுந்த புகை கீழேயேதான் கிடக்கும்.

நாமோ சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நெருப்பு வைக்கிறோம். முற்றம் கூட்டிய சருகை விடியலில் கொளுத்துகிறோம், அதோடு பொலித்தீன் பைகளையும் சேர்த்து. அடுப்பில் விறகு. பட்டியில் நுளம்புக்குப் போட்ட மூட்டம் இரவு முழுவதும் புகைந்திருக்கும். இவற்றோடு காலபோக அறுவடை முடிந்த வயல்களின் வைக்கோல் நெருப்பும் சேர்கிறது. காலையில் பிள்ளை இருமினால் "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று தலையில் துணியைக் கட்டி அனுப்புகிறோம். பாவம் பனி!

வைக்கோல் விடயத்தில் "எங்கள் அப்பா காலத்திலும் எரித்தார்கள்தானே" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். அப்பா காலத்தில் அரிவாளால் வெட்டி, கட்டாகக் கட்டி, களத்துக்குக் கொண்டுவந்து சூடு மிதித்தார்கள். வைக்கோல் களத்திலேயே குவிந்தது, போராக ஏறியது, மாடு தின்றது. இன்று அறுவடை இயந்திரம் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயல் முழுவதும் உதறிவிட்டுப் போகிறது. அதைக் கூட்டி அள்ளக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது. கமக்காரரின் சோம்பல் இதற்குக் காரணமில்லை. ஆனால் மாசியில் எரிக்கிற அதே வைக்கோலைத்தான் ஆடி, ஆவணியில் விலா எலும்பு தெரியும் மாடுகளுக்காகத் தேடி அலைகிறோம்.

2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில், வானம் மங்கியது நினைவிருக்கும். டிசம்பர் 9 அன்று நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். இந்தியப் பக்கமிருந்து மாசடைந்த காற்று வந்தது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. அதே நாட்களின் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. கடல் கடந்து வந்த புகைக்கு நாடே முகக்கவசம் தேடியது. வேலிக்கு அப்பாலிருந்து வருகிற புகைக்கு யன்னலைச் சாத்துவதோடு சரி.

கோடையில் தொல்லை புழுதி. காடு வெட்டிய நிலமும் உள்வீதிகளின் கிறவலும் காய்ந்து கிடக்க, மூடாமல் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று போனால் வீதியோர வீடுகளின் கொடித் துணியெல்லாம் சிவப்பு. எரிச்சலான விடயந்தான், ஆனாலும் புழுதியின் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். எனக்கு அதிகப் பயம் புகை மீதுதான். 2.5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த அதன் துகள்கள் நுரையீரலின் அடி வரை போகின்றன. அத்தகைய துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஒருநாள் சராசரி எல்லை கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராம். இலங்கை அனுமதிப்பது 50. நம் சட்டமே தாராள மனது கொண்டது.

எரிப்பவரைப் பிடித்துத் தண்டம் அறவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் கூட்டம் வைத்துத்தான் எப்போது தண்ணீர் திறப்பது, எவ்வளவு விதைப்பது என்று முடிவெடுக்கிறார்கள். அதே கூட்டத்தில் வைக்கோலையும் ஒரு விடயமாக எடுக்கலாம். வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரத்தைக் கமக்கார அமைப்புகள் கூட்டாக வாடகைக்கு எடுக்கலாம். மாடு வைத்திருப்பவர்களும் செலவில் பங்கு போடலாம். மிஞ்சியதை மடக்கி உழுதால் மண்ணுக்கு ஆகும். வீட்டுச் சருகுக்குக் கூட்டம் எதுவும் தேவையில்லை, தென்னைக்கு அடியில் ஒரு கிடங்கு போதும். பொலித்தீனைத் தரம் பிரித்து வைத்தால் பிரதேச சபை வண்டி எடுக்கும். வண்டி வராத ஒழுங்கைக்காரர்கள் சபைக்கு எழுதிக் கேளுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன்.